சாவியைத் தொடாதீங்க

வண்டியை நிறுத்தினால் சாவியைத் திருப்பி அணைப்பது ஊரில் எல்லோரும் செய்கிற காரியம். அந்தக் காரியத்துக்காகக் கூடப்பிறந்த அண்ணனை மூன்று வாரம், நாலு பேர் பார்க்க, வாய்க்கு வந்தபடி திட்டியவள் நான்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சுகுணா என்று பெயர் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த வாயாடி எலக்ட்ரீசியன் என்று கேளுங்கள், கடை வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவேன். எங்கள் பக்கத்து மரியாதை அவ்வளவுதான்.

அண்ணன் பெயர் மாதப்பன். மஞ்சக்குட்டைக்கு இருபத்திரண்டு வருஷம் ஷேர் ஜீப் ஓட்டியவர். காப்பி மூட்டை, எஸ்டேட் ஆட்கள், கோழி, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு, எதிரில் பஸ் வந்தால் பள்ளத்துப் பக்கம் இரண்டு சக்கரத்தை விட்டு வழி கொடுக்கிற ஆள். போன வருஷம் ஜீப்புக்கு எஃப்.சி. கிடைக்கவில்லை. வண்டிக்கு வயதாகிவிட்டது, இனி ரோட்டில் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். வேறு வேலை தெரியாது, கற்றுக்கொள்ளவும் மனசில்லை. வெயில் அடித்தால் ஜீப்பைத் துடைப்பார், மழை பெய்தால் ஜீப்புக்குத் தார்ப்பாய் போடுவார். அவரைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக வரும், கூடவே அழுகையும் வரும்.

அந்த நேரத்தில்தான் கமலக்கண்ணன் வந்தார். சேலத்துக்காரர். செம்மநத்தம் போகிற வழியில் பாழாய்க் கிடந்த எஸ்டேட் ஒன்றை வாங்கி ரிசார்ட் ஆக்கியிருந்தார். எஸ்டேட்டின் மேல்கோடியில் ஒரு பெரிய பாறைச் சரிவு. முதுகுப்பாறை என்போம். டூரிஸ்ட்டுகளை அந்தப் பாறைமேல் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போக வேண்டும், சத்தமும் புகையும் இருக்கக் கூடாது, கோடை விழாவுக்குள் ஓட வேண்டும். இதுதான் அவர் கேட்டது. போனில் வெளிநாட்டு வண்டிகள் பாறைமேல் பல்லி போல் ஊர்வதைக் காட்டினார்.

"ஜீப் இருக்குது, டிரைவர் இருக்குறாரு, மோட்டார் வேலைக்கு நீங்க இருக்கீங்க. வேற என்னம்மா வேணும்?" என்றார்.

ரிசார்ட் இடம் தனியார் இடம், எஃப்.சி. கேட்க ஆள் இல்லை. வண்டி ஓடினால் அண்ணனுக்கு நிரந்தர வேலை. நான் சரி என்று சொன்னது அதற்காக மட்டும்தான். அண்ணனை மறுபடி ஸ்டியரிங் முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஸ்டியரிங் எந்த வண்டியில் இருக்கிறது என்று அப்போது பெரிதாக யோசிக்கவில்லை.

ஜாபெஸ் என்கிற வெல்டரின் ஷெட்டில் வேலை நடந்தது. நல்ல கைக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். இஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கியபோது அண்ணன் ஷெட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். இஞ்சின் இருந்த இடத்தில் மோட்டார் உட்கார்ந்தது. கியர் பெட்டியை அப்படியே விட்டோம், பாறை ஏறுவதற்கு அந்தப் பழைய லோ கியர் வேண்டும். ஜாபெஸ் வண்டியை ஒரு முழம் உயர்த்தி, சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலே கீழே போய்வரும்படி கம்பிகளை மாற்றி, முரட்டு டயர் மாட்டி, தலைக்குமேல் இரும்புக் கூண்டு கட்டினான். பேட்டரிகளை நான் அடுக்கினேன்.

கூண்டின் இடது கம்பியில், வெளியே நிற்கிறவர் கைக்கும் எட்டுகிற மாதிரி ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தேன். தட்டினால் மொத்தக் கரண்டும் நின்றுவிடும். எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு பம்ப்செட்டில் மெயினை அணைக்காமல் கை வைத்து, வலது கையில் இரண்டு விரல் கருகிப்போனது. இன்றைக்கும் அந்த விரல்கள் முழுக்க மடங்காது. அதிலிருந்து எதில் என்ன கோளாறு என்றாலும், நான் நினைப்பதற்கு முன்பே என் கை மெயினுக்குப் போய்விடும். இது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

முதல் நாள் ஷெட் வாசலில் கல்லைக் குவித்து ஏற்றிப் பார்த்தோம். வண்டி நத்தை வேகத்தில், ஒரு முனகல்கூட இல்லாமல், சக்கரம் சக்கரமாக ஏறி இறங்கியது. பானெட் மேல் வைத்த டீ தளும்பவில்லை. ஜாபெஸ் விசிலடித்தான். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"சத்தமே இல்லாம போறது நல்லாயில்லீங் கண்ணு. வண்டி என்ன நெனைக்குதுன்னே தெரியல" என்றார்.

மறுநாள் எஸ்டேட் பாதையில் விட்டுப் பார்க்கும்போது வளைவில் ஒரு காட்டெருமை நின்றிருந்தது. ஜீப் சத்தம் கேட்டால் அரை மைலுக்கு முன்பே ஒதுங்கிவிடுகிற ஜாதி. நாங்கள் இருபதடி தூரத்துக்குப் போகும்வரை அது திரும்பவே இல்லை. திரும்பியதும் அதுவும் மிரண்டது, நாங்களும் மிரண்டோம். அது காப்பிச் செடிகளை முறித்துக்கொண்டு கீழே ஓடியதும், அண்ணன் ஏற்றத்திலேயே வண்டியை நிறுத்தி, கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்லவேளை, அன்றைக்குக் கால் பிரேக்கில் இருந்தது.

ஏற்றத்தில் நிறுத்துவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலை ஜீப்காரர்களுக்கு ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கும். ஏற்றத்தில் நின்றால் முதல் கியரில் போடுவார்கள், சாவியை அணைப்பார்கள், இறங்கிப் போய் ஒரு கல்லைப் பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுப்பார்கள். அணைந்த இஞ்சினே வண்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் வண்டியில் இது தலைகீழ். கரண்ட் இருக்கும்வரை மோட்டார் பிடிக்கும், எந்தச் சரிவிலும் அசையாது. கரண்ட் நின்றால் கியரில் இருந்தும் பிரயோஜனமில்லை, சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றும். ஹேண்ட் பிரேக்காவது இருக்க வேண்டும். பேட்டரிப் பெட்டிக்கு இடம் போதாமல் ஜாபெஸ் அதைக் கழற்றி மூலையில் வைத்திருந்தான். புது மாதிரி ஒன்று கோயம்புத்தூரில் சொல்லியிருந்தோம், அது வருவதாக இல்லை.

பூஜை அன்று அது எல்லோருக்கும் தெரிந்தது. ஷெட் வாசலில் வண்டிக்குப் பொட்டு வைத்து மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஐயர் தட்டை நீட்ட, கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிடுவதற்காக அண்ணன் வண்டியிலிருந்து இறங்கினார். கியரில் போட்டுவிட்டு, சாவியைத் திருப்பிவிட்டுத்தான் இறங்கினார். வாசல் கொஞ்சம் சரிவு. வண்டி சத்தம் இல்லாமல் பின்னால் போனது. எலுமிச்சம்பழங்கள் அப்படியே இருந்தன. பின்னால் தண்ணீர்த் தொட்டியில் போய் இடித்து நின்றபோதுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பூ கட்டிக்கொண்டிருந்த அண்ணி அருக்காணிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

"வண்டிக்குப் பழம் புடிக்கல போலிருக்குது" என்று யாரோ சொல்ல, சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏனுங்ண்ணா, காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கீங்க? எத்தன தடவைங்க சொல்றது? சாவியத் தொடாதீங்கன்னு சொன்னேனுங்களா இல்லீங்களா?"

"கை பழக்கம் கண்ணு."

"கையை வெட்டிப் போடுங்க அப்ப!"

அன்று தொடங்கியது. மூன்று வாரம் ஒவ்வொரு ஓட்டத்திலும் நான் பக்கத்தில் நடந்தேன். அவர் கை சாவிக்குப் போனால் தட்டிவிட்டேன். சாவியில் சிவப்புத் துணி கட்டினேன். கமலக்கண்ணன் முன்னால், ரிசார்ட் ஆட்கள் முன்னால், ஜீப் ஸ்டாண்டு டிரைவர்கள் முன்னால், "சாவியத் தொடாதீங்க, சாவியத் தொடாதீங்க" என்று கத்தினேன். நான் கடைவீதியில் போனால் டிரைவர்கள் அதையே சொல்லிக் கேலி செய்தார்கள். அண்ணன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. ராத்திரி தூக்கத்தில்கூடக் கையை நீட்டிச் சடக்கென்று இழுத்துக்கொள்கிறார் என்று அண்ணி சொன்னார்.

அதைச் சொல்லத்தான் அண்ணி கடைக்கு வந்திருந்தார். பயந்துகொண்டு முட்டுக்கட்டை போடுகிற ஆள் இல்லை அவர். கிளியூரிலிருந்து காய் மூட்டையோடு நடந்தே வருகிற பெண்.

"சுகுணா, எனக்கு மனசே செரியில்ல. அந்த பிரேக் வர்ற வரைக்கும் நிறுத்தி வையேன்."

"விழா ஆரம்பிக்கப் போவுதுங்க அண்ணி. அந்தக் கமலக்கண்ணன் வேற ஆளப் பாத்துக்குவாரு."

"நொம்பப் பயமா இருக்குது கண்ணு. நீ கட்டுன வண்டி. நீ பக்கத்துலயே இருந்துக்கோ. உன்ன நம்பித்தான் அந்த மனுசன ஊட்ட விட்டு அனுப்பறேன்."

"நான் இருக்கறேனுங்க" என்றேன். எனக்கும் பயம் இருந்தது. பயத்தை அண்ணன் கைமேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். அந்தக் கை திருந்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

பாறை ஏற்றிப் பார்க்கும் நாள் வந்தது. காலை பத்து மணிக்கும் பனி விலகவில்லை. சில்வர் ஓக் மரங்களின் பாதிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, பாறை ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். கமலக்கண்ணன் பத்து விருந்தாளிகளைப் பாறை உச்சியில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். ஜாபெஸ் கயிற்றோடு அவர்கள் பக்கத்தில் நின்றான். கீழே அண்ணனும் நானும் மட்டும்.

முதல் பாதி தண்ணீர் பட்ட பாடு. அண்ணனுக்குப் பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் உடம்பில் தெரிந்தது. இடது சக்கரம் ஒரு மேட்டைத் தடவிப் பிடிக்கும், வலது சக்கரம் பள்ளத்தில் இறங்கும், வண்டி ஒரு மூச்சு விட்டு மேலே போகும். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. மேலே கைதட்டினார்கள்.

செங்குத்தாகப் போகிற இடத்தில் பின்னால் வலது சக்கரத்தடியில் ஒரு பாறைச் சில்லு உடைந்து நழுவியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அண்ணன் பிரேக்கிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தார். மோட்டார் பிடித்துக்கொண்டது, வண்டி இம்மியும் அசையவில்லை.

"ஜாபெஸைக் கூப்பிடறேனுங்க, கல்லு வெக்கட்டும்" என்றேன்.

"அவன் எறங்கி வர்றதுக்குள்ள மழை வந்துரும். நானே பாக்கறேன்" என்றார். ஜீப்காரர்கள் சக்கரத்தடியை இன்னொருவர் கண்ணை நம்பி விட மாட்டார்கள்.

இறங்கும்போது அவர் கை சாவியை நோக்கிப் போனதைப் பார்த்தேன். பாதி வழியில் நின்றது. விரல்கள் மடங்கின. கை திரும்பி வந்து கூண்டுக் கம்பியைப் பிடித்தது. அவர் கண் கீழே பாறையில் இருந்தது, கை செய்ததை அவரே கவனித்திருக்க மாட்டார். நான் மட்டும் பார்த்தேன். கத்தியது வீண் போகவில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

அவர் பின்னால் போய், நல்ல கல்லாகத் தேடினார். ஒன்றை வைத்துப் பார்த்து எடுத்துப் போட்டார். இன்னொன்றைத் தூக்கினார். நேரம் போனது. மோட்டார் அவ்வளவு பாரத்தை அவ்வளவு நேரம் நின்ற இடத்தில் பிடிக்கும்படி நான் அதைக் கட்டவில்லை. இரண்டு நிமிஷம் என்று கணக்குப் போட்டிருந்தேன், அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

அப்போது அந்த வாசனை வந்தது. காயில் மேல் பூசிய வார்னிஷ் கருகுகிற வாசனை. எந்தத் தூக்கத்திலும் என்னை எழுப்பிவிடுகிற வாசனை. பானெட் இடுக்கில் மெல்லிசாகப் புகை.

நான் எதையும் நினைக்கவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். என் கை போய்ச் சிவப்புப் பொத்தானைத் தட்டியது.

வண்டி சத்தம் இல்லாமல் பின்னால் போனது. அண்ணன் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். இஞ்சினாக இருந்தால் உறுமியிருக்கும், பிரேக் கிறீச்சிட்டிருக்கும், அவர் குதித்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை. நான் "அண்ணா" என்று கத்தியபோது வண்டி அவரைப் பின்னாலிருந்த பாறையோடு சேர்த்து வைத்து நின்றுவிட்டது.

ஜாபெஸ் கயிற்றில் தொங்கிக்கொண்டு இறங்கி வந்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்தான். "கரண்ட் இல்லக்கா, செத்துக் கெடக்குது!" என்று அலறினான். சாவியை முன்னாலும் பின்னாலும் திருப்பினான். அவன் கண் சாவியிலேயே இருந்தபோது, நான் சிவப்புப் பொத்தானைத் திருகி வெளியே இழுத்தேன். விளக்கு எரிந்தது. வண்டி ஒரு முழம் முன்னால் போனது. அண்ணன் சரிந்து விழுந்தார்.

சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் வலது காலைத் தொடைக்குக் கீழே எடுத்தார்கள். வேறு வழி இருக்கவில்லை.

அவர் உள்ளே இருக்கும்போதே வராந்தாவில் யார் தப்பு என்கிற கதை முடிந்துபோயிருந்தது. பாறை உச்சியிலிருந்து பார்த்தவர்களுக்கு அண்ணன் இறங்கியதும் வண்டி பின்னால் போனதும்தான் தெரியும், வண்டிக்கு இந்தப் பக்கம் நின்ற என் கை தெரியாது. "நான் ஏறும்போது வண்டி ஆஃப்ல இருந்துச்சுங்க" என்று ஜாபெஸ் போலீஸ் ரைட்டரிடம் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணு மூணு வாரமா கத்துச்சுங்க, சாவியத் தொடாதீங்கன்னு. நாங்களே கேட்டோம்" என்று கமலக்கண்ணன் சொன்னார். ஸ்டாண்டு டிரைவர்கள் தலையாட்டினார்கள். ரைட்டர் என் பக்கம் திரும்பி, "அப்படித்தானேம்மா?" என்று கேட்டார். அழுகை வந்தது, அழுதேன். அவர் எழுதிக்கொண்டார்.

நாலாம் நாள் அண்ணன் கண்ணை நன்றாகத் திறந்தார். என் கையைத் தேடிப் பிடித்தார்.

"நான் சாவிய அணைச்சுட்டனா கண்ணு?"

இன்னொரு கையால் அவர் போர்வையைச் சரிசெய்தேன்.

"எறங்குனது ஞாபகம் இருக்குது. கை என்ன பண்ணுச்சுன்னு தெரியல. அணைச்சுத்தான் இருப்பேன். நீ அத்தன சொல்லியும் இந்தப் பாழாப்போன கைக்கு ஏறலியே. நீ கட்டுன வண்டியக் கெடுத்துப்போட்டேன். மன்னிச்சுக்கோ சாமி."

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அண்ணி நின்றிருந்தார். உன்னை நம்பித்தான் அனுப்பறேன் என்றவர். ஊரையே வாயால் அடக்குகிற எனக்கு அன்று நாக்கு எழவில்லை. "தூங்குங்கண்ணா" என்றேன். அப்புறம் ஒரு நாள் சொல்லலாம், புண் ஆறட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புண் ஆறிவிட்டது. எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, பகலில் அண்ணனை என் கடையில்தான் உட்கார வைக்கிறேன். வருகிற மோட்டார்களுக்குப் பெயர் எழுதிய சீட்டு கட்டிக் கொடுப்பார், போன் எடுப்பார். அண்ணி மதியம் இரண்டு பேருக்கும் சோறு கொண்டுவந்து, எனக்கு முதலில் போடுவார். "இந்தப் புள்ள பேச்சக் கேட்டிருந்தா ரெண்டு காலோட இருந்திருப்பீங்க" என்று அவரிடம் சொல்வார். அண்ணன் தலையைக் குனிந்துகொள்வார். எனக்குச் சோறு இறங்காது. சாப்பிட்டுவிடுவேன்.

கமலக்கண்ணன் இரண்டாவது வண்டி கட்டச் சொல்கிறார். நான் முடியாது என்றுவிட்டேன். வேறு யாரோ கட்டுகிறார்கள் என்று கேள்வி.

நேற்று ஸ்டாண்டிலிருந்து நாலைந்து டிரைவர்கள் டீ குடிக்க வந்தார்கள். பேச்சு சுற்றி வளைத்து அங்கேதான் போய் நிற்கும். அண்ணனுக்கும் இப்போது அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. முன்பெல்லாம் "அணைச்சிருப்பேன்" என்பார். நேற்று அப்படிச் சொல்லவில்லை.

"எறங்கறதுக்கு முன்னால இந்தக் கை போச்சுப்பா. நல்லா ஞாபகம் இருக்குது. செவப்புத் துணி வெரல்ல பட்டுச்சு. திருப்புனேன். டக்குன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் காதுல கெடக்குது."

அந்தச் சாவியில் சத்தம் வராது. அதை வாங்கி மாட்டியவள் நான்.

டிரைவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அண்ணன் ஊன்றுகட்டையை நகர்த்தி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ பக்கத்துல இருந்து பாத்தயே கண்ணு. செரிதானே நான் சொல்றது?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கையில் செம்புக் கம்பிச் சுருள் இருந்தது, அதைக் கீழே வைத்தேன்.

"செரிதானுங்ண்ணா" என்றேன்.